இசக்கிமுத்து வெட்டுக்கொடுத்த குதிரை

இசக்கிமுத்து செத்துப்போயிட்டானாம். மாரடைப்பு. காலையில் செஸ் குரூப்பில் மெசேஜ்... எல்லோரும் கும்பிடும் எமோஜி போடுகிறார்கள். எனக்குக் கை வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கடையம், அவன் இலத்தூர். அன்றைக்குத் தென்காசி பக்கம் எந்த டோர்னமென்ட் நடந்தாலும் கப் எங்கள் இருவரில் ஒருவனுக்குத்தான். ஞாயிறு தவறாமல் சேர்ந்துதான் பிராக்டிஸ்.

ஒரு குற்றால சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு பாக்கெட் போர்டை விரித்தோம். கருப்பில் நான் எப்போதும் ஆடும் ஓப்பனிங்கில் ஒரு ஓட்டை. வெள்ளையில் ஆடுபவன் குதிரையை வெட்டுக்கொடுத்தால் என் ராஜா மாட்டிக்கொள்ளுமோ என்று சந்தேகம். அவனிடம் மட்டும்தான் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். "ஒண்ணும் இல்லலே... சும்மா பயப்படுதே. நம்பி ஆடு."

நம்பினேன்.

அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. கடைசி ரவுண்டில் நானும் அவனும். ஜெயிப்பவன் ஸ்டேட் டீமில். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு இரண்டு பேருக்குமே அந்த சர்டிஃபிகேட் வேண்டும்.

அவனுக்கு வெள்ளை. பன்னிரண்டாவது மூவ்... அதே குதிரை. யோசிக்கக்கூட இல்லை. வைத்தான், கிளாக்கை அமுக்கினான். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நாற்பது நிமிஷம் அந்தக் குதிரையையும் அவன் உச்சந்தலையையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்புறம் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து அலசுவது எங்கள் பழக்கம். அன்றைக்கும் காய்களை அடுக்க ஆரம்பித்துவிட்டான் பாவி. "வாலே, எங்கன தப்புன்னு பாப்போம்."

எழுந்து வந்துவிட்டேன்.

அவனுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. நல்லா இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்.

ஆறு வருஷம் பேசவில்லை. போன சீசனில் குற்றாலத்தில் டிராஃபிக் டூட்டியில் நின்றான். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்துவிட்டு, "ஏலே, ஓரமா நிப்பாட்டு. ஒரு விஷயம் சொல்லணும்" என்றான்.

நான் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

இசக்கி... அருவியில் "ஒண்ணும் இல்லலே" என்றாயே, அப்போதே தெரியுமா உனக்கு? இல்லை, வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடித்தாயா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

இனி யாரிடம் கேட்பேன்...

மதியம் இலத்தூர் வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

போய்ட்டு வாலே.