ஆன்லைன் வகுப்பில் விழுந்த கஸ்தூரி

போன செவ்வாய்க்கிழமை காலை. என் மனைவி புவனா லேப்டாப் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எம்.எஸ். — மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய். முழுக்கக் குணமாக்க மருந்து கிடையாது. இருக்கிற தெம்பையாவது காப்பாற்றிக்கொள்ள, எம்.எஸ். உள்ளவர்களுக்கென்றே ஆன்லைனில் உடற்பயிற்சி வகுப்பு. கோவையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் நடத்துகிறார். நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்வது என் உத்தியோகம்.

"இப்ப எழுந்து நிக்கலாம். முடியாதவங்க உட்கார்ந்தே செய்ங்க" என்றார் அவர்.

ஆவடி சேக்காட்டிலிருந்து போனில் கலந்துகொள்ளும் கஸ்தூரி எழுந்து நின்றார். தொப்பென்று ஒரு சத்தம். போனும் விழுந்திருக்க வேண்டும். திரையில் அவருடைய கட்டத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது...

ஒரே கூச்சல். தஞ்சாவூர்க்காரர் கத்துகிறார், சேலத்து அம்மா அழுகிறார். வேறென்ன செய்வார்கள்? எழுந்து ஓட முடியாதவர்கள்தானே அத்தனை பேரும்!

"கஸ்தூரி, பேசும்மா!" என்றாள் புவனா.

"கீறேங்க்கா... இடுப்புல அடி. காலு ரெண்டும் மரத்துப்போச்சு, எழுந்துக்க முடில."

"வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. பொண்ணு வேலைக்குப் போய்கீது. அவரு கம்பெனில கீறாரு. ரெண்டு பேரு போனையும் கேட்லயே வாங்கி வெச்சிப்பாங்க."

"பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடும்மா" என்றேன் நான்.

"வேணாண்ணா! பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம். எனக்கு இன்னா சீக்குன்னு தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா எவன் வருவான்?"

கொரட்டூரிலிருந்து பைக்கை எடுத்தேன். கஸ்தூரியிடம் கேட்டுக் கேட்டு புவனா எனக்கு போனில் வழி சொன்னாள். அம்பத்தூர் டிராஃபிக்கில் நிற்கும்போது கோபம் கோபமாக வந்தது. ஒரு குரல் கொடுத்தால் அந்தத் தெருவே ஓடி வருமே! நான் எங்கிருந்தோ போய்க்கொண்டிருக்கிறேன்...

கதவு சும்மா சாத்தியிருந்தது. கஸ்தூரி தரையில் வியர்த்துக் கிடந்தார். வகுப்பு நேரம் முடிந்தும் ஒருவர்கூட வெளியேறவில்லை. அவர் துவண்டுவிடக் கூடாதென்று, தஞ்சாவூர்க்காரர் தன் வீட்டுக் கொய்யா மரத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தார். பிசியோ பெண் சொல்லச் சொல்ல, பக்குவமாகத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

"ஊட்டாண்ட ஆட்டோ வந்தா எல்லாரும் பாப்பாங்கண்ணா. அவரு வரட்டும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்மணி.

"இன்னா சார், உயுந்துட்டாங்களா? சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்புறம் ஏம்மா வரலை?"

"நமக்கு எதுக்கு சார் வம்பு? காலைலயே தண்ணி போட்டுகினு தள்ளாடுது அந்தம்மா. தெருவுக்கே தெரியும்."

நோயின் பெயர் எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால், கஸ்தூரியின் ரகசியத்தை உடைக்க நான் யார்? பைக்கைக் கிளப்பினேன். தெரு பேசுவதைக் கஸ்தூரியிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மாலையில் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாராம். எலும்பு முறிவு இல்லை. ஆனால், "இனிமே கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பிசியோ பெண்ணிடம் சொல்லிவிட்டாராம். இந்தச் செவ்வாய்க்கிழமை கஸ்தூரி வரவில்லை. புவனா போன் செய்தாள். எடுக்கவில்லை.

நோயின் பெயரை நாம் மறைத்தால், தெரு தானாகவே ஒரு பெயர் வைத்துவிடுகிறது.