முள்ளெழுத்தில் ஒரு பெயர்

தங்க மை காயாத கல்யாணப் பத்திரிகைகளில் மண்ணெண்ணெயும் பசையும் கலந்தாற்போல ஒரு நெடி அடிக்கும். சித்தூரில் எங்கள் நைனா நடத்திய டிடிபி கடை முழுக்க அந்த வாரம் அந்த நெடிதான், ஏனென்றால் காய்ந்துகொண்டிருந்தவை அவருடைய தங்கை கிரேஸ் அத்தையின் பத்திரிகைகள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மணமக்கள் பெயரை நைனா கம்ப்யூட்டரில் இருந்த ஓர் ஆங்கில எழுத்துருவில் போட்டிருந்தார். பழைய சர்ச்சுக் கோபுரம்போலக் கூர்கூராக நிமிர்ந்து, தடித்த கோடும் மயிரிழைக் கோடுமாக மாறி மாறி ஓடும் அதற்குக் கடையில் "முள்ளெழுத்து" என்று பெயர். சான்றிதழுக்கும் கேடயத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள். புத்தூரிலிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் "ரிச்சா கீது" என்று மெச்சியிருந்தார்கள்.

பத்திரிகையைக் கையில் எடுத்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணா இது? நம்ம கல்லறத் தோட்டத்துல இதே மாதிரி என் பேரு கீது."

"கம்ப்யூட்டர்ல கீற எழுத்தும்மா அது. சும்மா பயந்துக்கினு கீற," என்று நைனா சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மத்தியான வெயிலில், சர்ச்சுக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மிஷன் காலத்து வெள்ளைக்காரர்களின் வரிசையில், எருக்கஞ்செடிகளுக்கு நடுவே, ஒரு கருத்த கடப்பைக் கல்லில் ஆங்கிலத்தில் "கிரேஸ்" என்று செதுக்கியிருந்தது. அத்தை பத்திரிகையை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே சுருண்ட முதலெழுத்து, அதே முட்கள். பாசியைச் சுரண்டிச் சுரண்டி, கீழிருந்த சின்ன எழுத்துகளை வாசித்தாள்: கல்யாணமான வருஷமே செத்துப்போனவள்.

"கைய வெச்சுப் பாருடா."

மற்றக் கற்களெல்லாம் தொட முடியாமல் கொதித்துக்கொண்டிருக்க, அது மட்டும் சில்லென்றிருந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இது ஒருத்தர் ஊட்டுக்கும் போகக் கூடாதுண்ணா," என்று திரும்பி வந்து சொன்னவளின் முகத்தைப் பார்த்த நைனா, மறுபேச்சில்லாமல் சாதாரண எழுத்தில் வேறு பத்திரிகை அடித்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அத்தை, ஊருக்கு வரும்போதெல்லாம் சர்ச்சுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள்; லேசாகக் காய்ச்சல் கண்டால்கூட அழுதாள்.

வருஷம் திரும்பியதும், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையும் அழைத்துப்போய், அந்தக் கல்லின் மேல் மல்லிகைச் சரத்தை வைத்தாள். "நான் தப்பிச்சிக்கினேன். வர்ட்டாக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவளைப்போலக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, பதில் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

இப்போது முள்ளெழுத்து பிரியாணிக் கடைப் பலகைகளிலும் பையன்களின் பனியன்களிலும் வந்துவிட்டது, யாரும் பயப்படுவதில்லை. கல்லறைத் தோட்டத்தில்தான் அது இல்லை. மழையிலும் வெயிலிலும் அந்தக் கல்லின் மேற்பரப்பு ஏடு ஏடாக உரிந்து போயிற்று. போன மாதம் ஊருக்கு வந்த அத்தை அந்த வெற்றுக் கல்லில் விரலை வைத்து, இல்லாத எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். விரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.