ஹார்ட் டிஸ்க்கைச் சாய்த்துக் கிளப்பியது

1994-ஆம் ஆண்டு ஆயுத பூஜை வியாழக்கிழமையில் வந்தது. தேதி விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. எங்கள் முதலாளிக்கு உண்டு. எல்லா வினையும் அதனால்தான் வந்தது.

அப்போது நான் ஓசூர் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு மோல்டு செய்யும் ஒரு சிறிய பட்டறையில் கணக்கும் ஸ்டோரும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு பெரிய கம்பெனியின் டூல் ரூமில் இருந்தவர். சூப்பர்வைசரிடம் "இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று வசனம் பேசிவிட்டு வெளியே வந்தவர். சூப்பர்வைசரும் சும்மா விடவில்லை. "ஒரே வருஷம். திரும்பி வந்து இதே கேட்ல நிப்ப" என்றாராம். அந்த வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கையில் இருந்த ஒரே பெரிய வேலை, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மிக்சி ஜாரின் கைப்பிடி மோல்டு. ஆயுத பூஜைக்கு அடுத்த வியாழக்கிழமை மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் வேலை பெங்களூரிலேயே பீன்யா பக்கத்துப் பட்டறைகளுக்குப் போய்விடும். முதலாளி அந்த கேட்டுக்குப் போவார்.

அந்தக் கைப்பிடியை வெட்டுவதற்கான புரோகிராம் முழுக்க ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. வெட்டும் மிஷினுக்கு ஞாபகசக்தி குறைவு. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்தான் வயர் வழியாக எடுத்துக்கொடுக்க வேண்டும். மூன்றாம் கைக்கு வந்த கம்ப்யூட்டர் என்பதால் முதலாளி அதை அணைப்பதே இல்லை. அணைத்தால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்று பயம். தினமும் கரண்ட் போகும்தான். ஆனால் டிஸ்க்கின் சூடு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு முதலாளியின் மனைவி வந்தார். மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்து ஊரான தளியிலிருந்து வந்த செண்டுமல்லியைக் கம்ப்யூட்டருக்கும் சுற்றினார். "இதுவும் ஆயுதம்தானே? இன்னிக்கு ஒரு நாளாச்சும் தூங்கட்டும்" என்று அவரே சுவிட்சை அணைத்தார். மறுநாள் தசமிக்கு லேத்தை ஒரு சுற்று ஓட்டி, பொரிகடலை தின்று, வீட்டுக்குப் போனோம். கம்ப்யூட்டரை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. சனி, ஞாயிறு விடுமுறை.

திங்கள் காலை சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது. டிஸ்க் சுற்றவில்லை.

பெங்களூரிலிருந்து டெக்னீஷியன் மதியத்துக்குள் வந்து சேர்ந்தார். பெட்டியைப் பார்த்ததும், "யாரு சார் ஃப்ளாப்பி டிரைவுக்குப் பொட்டு வெச்சது?" என்றார். திறந்து, காதை வைத்துக் கேட்டு, "ஹோய்த்து சார்" என்று கன்னடத்தில் தீர்ப்பு சொன்னார். போயே போச்சு. புது டிஸ்க் போட்டுத் தருகிறேன், உள்ளே இருந்ததை மறந்துவிடுங்கள் என்றார்.

பூஜைச் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்த மனைவியை முதலாளி பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? பூஜை போட்டதாலதான் போச்சுன்னு ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"நான் வாயே திறக்கலியே."

"கண்ணு திறந்திருக்குல்ல?"

நான் பெங்களூர் நடைபாதையில் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப் படிப்பவன். அவற்றில் ஒன்றில் இந்த நோயைப் பற்றிப் போட்டிருந்தது. பழைய டிஸ்க் நாள்கணக்கில் ஆறிக் கிடந்தால், உள்ளே படிக்கும் முனை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கரண்ட் கொடுத்தபடியே கையில் பிடித்துச் சட்டென்று ஒரு திருப்பு திருப்பினால் சில சமயம் விடுபடும். இதைச் சொன்னேன்.

"ஓ, ஸ்கூட்டரைச் சாய்ச்சு உதைக்கிற மாதிரி!" என்றார் முதலாளி. அவருக்குப் புரிந்த விதம் தவறு. ஆனால் அவர் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பாமல் நான் திருத்தவில்லை.

வயர்களோடு டிஸ்க்கை வெளியே எடுத்து, இடப்பக்கம் சாய்த்து, பெட்ரோல் இறங்கட்டும் என்பதுபோல் ஒரு கணம் காத்து, மணிக்கட்டைச் சுழற்றினார். ஒன்றுமில்லை. டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் தடவையும் ஒன்றுமில்லை. "சோக்கு இழுத்துப் பாருங்க" என்றார் மனைவி. அந்தக் கோபத்தில் திருப்பிய திருப்பில் உள்ளே ஏதோ 'டக்' என்றது. பிறகு கிர்ர்ரென்று மாவு மிஷின் போல ஒரு சத்தம்.

"ஆஃப் மாட்பேடி சார்! ஆஃப் மாட்பேடி!" அணைக்காதீர்கள் என்று கன்னடத்தில் கத்தினார் டெக்னீஷியன், அதுவரை இறந்ததாகச் சொன்ன பொருளுக்காக.

மேஜையில் நான்கு ஃப்ளாப்பிகள் இருந்தன. மேலும் வாங்கிவர ஆள் அனுப்பினோம். முதலாளி கையில் பிடித்தது பிடித்தபடி நின்றார். கீழே வைத்தால் நின்றுவிடும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். முதல் ஃப்ளாப்பியில் கைப்பிடி புரோகிராம்களை இறக்கினேன். இரண்டாவதில் வேறு ஏதோ பாதி இறங்கும்போது கரண்ட் போனது. டிஸ்க் நின்றது. அதன் பிறகு எத்தனை சாய்த்தும் எழவில்லை.

கைப்பிடி பிழைத்துவிட்டது என்று எல்லோரும் காப்பி குடித்தோம். டெக்னீஷியன் கொண்டுவந்த வேறொரு கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தபோதுதான் காப்பி கசந்தது. கைப்பிடிக்கு மூன்று புரோகிராம்கள் இருந்தன. ஒன்றின் பெயர் 'ஃபைனல்', இன்னொன்று 'லாஸ்ட்', மூன்றாவது 'ஓகே'. விரல் பதியும் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஆழம்.

"இதுல எது கடைசி?" என்றேன்.

"தேதி பாருங்க சார். நீங்கதான் தேதி ஸ்பெஷலிஸ்ட்டாச்சே" என்றார் முதலாளி.

பார்த்தேன். மூன்றுக்கும் 1980 ஜனவரி முதல் தேதி. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து கிளம்பும்போதெல்லாம் இன்று என்ன தேதி என்று பணிவாகக் கேட்கும். பதில் சொல்லாமல் எண்டரைத் தட்டினால் 1980-க்குப் போய்விடும். முதலாளி எண்டரைத்தான் தட்டுவார். சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அதுக்கு என்ன சம்பள நாளா, தேதி தெரிஞ்சாகணும்னு?" என்பார். ஆக, எங்கள் பட்டறையின் மொத்த உழைப்பும் 1980-இன் முதல் நாளான ஒரே செவ்வாய்க்கிழமையில் நடந்து முடிந்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில், சீசன் இல்லாமல், ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் முதலாளி பெங்களூருக்கு ஃபோன் போட்டு, சுற்றி வளைத்துக் கேட்டார். அங்கிருந்த இன்ஜினியர் சொன்ன பதிலை, ஃபோனை வைத்ததும் எங்களுக்கு அப்படியே ஒப்பித்தார்: "கடைசியா எதைக் காட்டினீங்களோ அதைத்தான் ஓகே பண்ணோம். எதை ஓகே பண்ணோமோ அதான் கடைசி."

முதல் தடவை போனபோது மட்டும் நான் கூட இருந்தேன். ஆழமான பள்ளத்தைத் தடவிப் பார்த்து, "இதுல பொம்பளைங்க விரல் மாட்டிக்கும்" என்று அந்த இன்ஜினியர் ஒதுக்கியது நன்றாக நினைவிருந்தது. "ஆழமானதை விட்டுட்டு மத்த ரெண்டுல ஒண்ணைப் பார்ப்போம்" என்றேன். முதலாளி கேட்கவில்லை. "மூணையும் வெட்டுவோம். கேட்டா, உங்களுக்குச் சாய்ஸ் கொடுக்கறோம்னு சொல்லிக்கலாம்." புதன்கிழமை பகல் முழுக்க அலுமினியத் துண்டுகளில் மூன்றையும் வெட்டினோம்.

வியாழக்கிழமை இன்ஜினியரின் மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஆழமானதில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இது! இதுதான் பிடி! இதை ஏன் மொதல்லயே காட்டல?"

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இதே மேஜையில் காட்டினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். மேஜைக்கு அடியில் முதலாளி என் காலை மிதித்தார்.

"இப்பதான் சார் தோணுச்சு" என்றார், மிதித்த காலை எடுக்காமல்.

ஸ்டீலில் வெட்டச் சொல்லி அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார் இன்ஜினியர். கையெழுத்து முடியும்வரை கால் என் கால்மேலேயே இருந்தது.