கிளியம்மாள் வளர்த்த எலும்பு

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் தையல் கடை. கிளியம்மாள் ஜாக்கெட் வெட்டித் தைப்பவள். நான் தபீதாள், கொக்கி கட்டுபவள், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பவள். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். அவள் எனக்கு அடங்கியதே இல்லை, நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன வருஷம் ஷேர் ஆட்டோக்காரன் போட்ட சடன் பிரேக்கில் கம்பியில் மோதி, அவளுக்கு மேல் முன்பல் ஒன்று போனது. அன்றோடு சிரிப்பும் போனது. கடையே அதிரும்படி சிரிக்கிறவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டர் ஸ்நேகா, சின்னப் பெண், வாய்க்குள் பார்த்ததுமே, "டெய்லரா நீங்க?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூலைக் கடித்துக் கடித்துப் பக்கத்துப் பல்லின் நுனியில் பள்ளம் விழுந்திருந்ததாம்!

ஸ்கேனில் பார்த்தால், பல் போன இடத்தில் தாடை எலும்பும் கரைந்து தகடாய் மெலிந்திருந்தது. "வேலை இல்லாத எலும்பை உடம்பு கரைச்சிடும்மா. ஸ்க்ரூ வச்சுப் பல் கட்ட இதுல பிடிமானம் இல்லை. எலும்புத் தூள் வச்சு, மேல மெல்லிசா ஒரு ஜவ்வு மூடித் தைப்போம். ஆறு மாசத்துல அதுக்குள்ள உங்க எலும்பு வளரணும். வளரலைன்னா கழட்டி மாட்டுற பல்லுதான்."

"அம்பத்திரண்டு வயசுல இன்னாம்மா வளரும்? முடியே கொட்டிக்கினு கீது," என்றாள் கிளியம்மாள். கழட்டி மாட்டுகிற பல்லை மட்டும் சாகிறவரை வைக்கமாட்டாளாம்.

தைத்தார்கள். எட்டாம் நாள், இன்னும் தையல் பிரிக்கவில்லை, ஒரு கல்யாண ஜாக்கெட்டை முடித்த கையோடு நூலை வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்து இழுத்தாள். ஜாக்கெட் நூல் டாக்டர் போட்ட நூலில் மாட்டிக்கொண்டது. வாயெல்லாம் ரத்தம்.

"அடிப்பாவி! கத்தரிக்கோலை மடியில வச்சிக்கினு இன்னாடி பண்ணே?"

"கை தானா பூட்ச்சுடி," என்று அழுதாள்.

டாக்டர் மறுபடி தைத்தாள். தூள் கொஞ்சம் வெளியே வந்துவிட்டதாம். மீதி பிடித்ததா இல்லையா என்பது ஆறு மாசம் கழித்து ஸ்கேனில்தான் தெரியும் என்றாள்.

அன்றைக்கே ஒரு நாடாவில் சின்னக் கத்தரிக்கோலைக் கோத்து அவள் கழுத்தில் மாட்டினேன். "தாலின்னு நெனைச்சுக்கோ. கழட்டினே, மவளே, தொலைச்சுடுவேன்!"

தினமும் கேட்பாள்: "வளந்திருக்குமாடி?"

"உள்ள பூந்து பாத்துட்டு வரவா?" என்று எரிந்து விழுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் முதல் ஜெபம் அவள் தாடைக்குத்தான். கர்த்தருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து, பழைய ஸ்கேனையும் புதுசையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள் டாக்டர். தகடாய் இருந்த இடம் இப்போது தடித்து வெளுத்திருந்தது.

"வச்ச தூள் பெரும்பாலும் கரைஞ்சிடுச்சு. இது உங்க சொந்த எலும்பும்மா."

கிளியம்மாள் திரையையே பார்த்தாள். "துணி நகராம இருக்க ஓட்டுத் தையல் போட்டு, மிஷின் ஓட்டினதும் அதைப் பிரிச்சு எடுத்துடுவோமே, அப்படியா?"

"அதேதான்."

"தபீதா," என்றாள் மெதுவாக. "நான் தூங்கிக்கினு கீறப்போ, தெச்சிக்கினு கீறப்போ, உன்னாண்ட சண்டை போட்டுக்கினு கீறப்போ, இது பாட்டுக்கு உள்ள வளந்துக்கினு இருந்துகீதுடி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. எலும்பு என்றால் கல் மாதிரி செத்த சாமான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் முன்னால் அதைக் காட்டிக்கொள்ள முடியுமா?

"நீ இழுத்துக் கெடுத்ததுக்குக் கோச்சிக்காம வளந்துகீது பாரு. என்னை மாதிரியே," என்றேன்.

சிரித்தாள் பாருங்கள், வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற மாதிரி! பல் இன்னும் கட்டவில்லை, ஓட்டை அப்படியே தெரிந்தது. முந்தானை மடியிலேயே கிடந்தது. நான் அழுதுவிட்டேன்.