முதுகு பார்த்த கங்காணி

அந்தக் காலத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. ஜோகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், புல் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தேன். யார் உழைக்கிறான், யார் ஏய்க்கிறான் என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். காலை பத்து மணிக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்தி முதுகைக் காட்டச் சொல்வேன். சட்டை நனைந்திருந்தால் உழைத்தவன், காய்ந்திருந்தால் சோம்பேறி. அவ்வளவுதான் என் சட்டம். எனக்கு முன்பிருந்த கங்காணிகளும் அப்படித்தான் பார்த்தார்கள். துரையும் என்னை மெச்சினார்.

நாகப்பட்டினத்துக் கப்பலில் புதிதாக ஒருவன் பெண்சாதியோடு வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் தலையில் பூனைமயிராட்டம் நாலு முடி, வாயில் கூர்கூராக நாலைந்து பல். "மாப்பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் குடுங்கப்பா!" என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். நல்ல பிள்ளை.

முதல் வாரம் மரநிழலில் நின்று நின்று வெட்டினான். முதுகு காய்ந்தே கிடந்தது. கண்டபடி ஏசினேன். அடுத்த வாரம் பார்த்தால் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறைந்து நின்று பார்த்தேன். ஐயா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்கு ஓடி, சட்டையோடு முழுகிவிட்டு வருகிறார்!

"என்னையே ஏமாத்துறியாடா? தண்ணிய ஊத்திக்கிட்டு வேர்வைன்னு காட்டுறியா?" என்று கத்தினேன்.

பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி ஓடிவந்தாள். "இல்லிங்க கங்காணி, அவருக்கு வேர்க்கவே வேர்க்காதுங்க. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். ஒடம்பு கொதிக்குது, அதான் நனைச்சிக்கிறாரு."

"அலமாக்! அப்படி ஒரு ஒடம்பு எனக்கு இருந்தா சட்டை தொவைக்கிற வேலை மிச்சம்!" என்றேன். ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் அவனைக் காடழித்து எரித்த புது நிலத்துக்கு அனுப்பினேன். அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. "பன்னெண்டு மணி வரைக்கும் வாய்க்கா பக்கம் கால வச்சே, தொலைச்சிடுவேன்" என்று மிரட்டிவிட்டும் வந்தேன். பாவி, அவன் என் பேச்சை மீறி ஓடியிருக்கக் கூடாதா? ஓடவில்லை. சொன்னபடி நின்றான்.

பதினோரு மணி வாக்கில், அவனைப் பார்க்கப் போன பெண்சாதி அலறும் சத்தம் கேட்டது. ஓடிப் போனேன். குப்புற விழுந்து கிடந்தான். கழுத்தைத் தொட்டால் தோசைக்கல்லாட்டம் சுட்டது. அந்த வெயிலில் என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, அவன் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் சாக்கை நனைத்து அவன் மேல் போட்டு, விசிறச் சொன்னார். "ஊமத்தை ஏதும் தின்னானா? ஒடம்புல தீப்பட்ட தழும்பு, மரத்துப்போன தேமல் இருக்கா? வேர்வை நின்னுபோக இதெல்லாம் காரணமாகும்" என்று கேட்டபடியே உடம்பெங்கும் தேடினார். பிறகு வாயைத் திறந்து பார்த்தார், தலையைத் தடவினார். "பிறவிக் கோளாறு. பல்லும் முடியும் சரியா வளரலை பாருங்க, அதே மாதிரி வேர்வைச் சுரப்பியும் வளரலை. இவனுக்குத் தண்ணிதான் வேர்வை. நனைச்சிக்கிட்டே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

எத்தனை வாளி தண்ணீர் ஊற்றியும் அவன் கண் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டான்.

டிரஸ்ஸர் எங்கள் பக்கம் திரும்பினார். "இந்த ஆளுக்கு வேர்க்காதுன்னு ஒங்க யாருக்குமே தெரியாதா?"

அவள் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "யாருக்கும் தெரியாதுங்க ஐயா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். காரியம் முடிந்ததும் அவள் என் ஆட்களோடுதான் வந்து வேலைக்கு நிற்க வேண்டும். அது தெரிந்துதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.