எதிரணி முத்துத்தாய்

மதுரை விளாங்குடியில் முத்துத்தாய் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். எதிரணி முத்துத்தாய் வீடு என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் எந்த அணியில் பேச எல்லாரும் தயங்குகிறார்களோ, அதுதான் அவளுடைய அணி.

முதல் தடவை அது தற்செயலாக நடந்தது. குடும்பம் சிறக்கக் காரணம் கணவனா மனைவியா என்று தலைப்பு. கணவனுக்காகப் பேச ஒப்புக்கொண்டவர் காய்ச்சல் என்று வரவில்லை. கீழே கடலை கொறித்துக்கொண்டிருந்த முத்துத்தாயை யாரோ மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். ஏறியவள் கணவர்களை அப்படிப் புகழ்ந்து தள்ளினாள். கடைசி வரிசையில் நின்ற அவள் புருஷன் சிவபாண்டி, இதெல்லாம் யாரைப் பற்றி என்று புரியாமல் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். அணி தோற்றது, கைதட்டல் முழுக்க அவளுக்கு. அன்றிலிருந்து கொடுத்த அணியை அவள் மாற்றிக் கேட்டதும் இல்லை, ஜெயித்ததும் இல்லை.

மற்ற நேரங்களில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அலங்காநல்லூர் பக்கம், அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்த வீட்டில் பிறந்து, படித்து, இந்த வேலைக்கு வந்தவள். மத்தியானமானால் ஒவ்வொரு பிள்ளையிடமும் "சாப்டியா? இன்னொரு கரண்டி வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பாள்.

அவள் மகன் சித்தார்த்துக்கு கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை. அங்கே நர்சாக இருந்த பவதாரிணியை அவனுக்குப் பிடித்துப்போனது. அவள் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த பெண். முத்துத்தாய் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எந்த நாட்டுப் பொண்ணா இருந்தா என்னடா, ஒன்னயக் கட்டி மேய்க்க ஒரு ஆளு வேணும்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறே சிவபாண்டியை இழுத்துக்கொண்டு முகாமுக்குப் பெண் கேட்கப் போனாள்.

பெண்ணின் அம்மா யோகராணி சின்னப் பிள்ளையாகப் படகில் வந்தவள். பவதாரிணிக்கு அப்பா இல்லை. ஒற்றை அறை வீட்டை யோகராணி பளிச்சென்று வைத்திருந்தாள். தேத்தண்ணீரும், பாசிப்பயற்று மாவில் பிடித்த பயற்றம் உருண்டையும் வந்தன. முத்துத்தாய் உருண்டையை ருசித்துத் தின்றாள், செய்முறை கேட்டாள், சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஆமா, அங்கிட்டு நீங்க என்ன ஆளுக?"

மதுரைப் பக்கத்து வாய்க்குச் சாதி கேட்பது ஒரு கேள்வியே இல்லை. எந்த ஊரு, பஸ் கிடைச்சதா என்பதோடு சேர்ந்து தானாக வந்து விழுவது. இதே கேள்வி தன் பிறந்த வீட்டை என்ன பாடு படுத்தியது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் விழுந்துவிட்டது.

யோகராணி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வந்த நாளில இருந்து இதுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறம், அக்கா. ஆபீசர்மார் கேப்பினம், வீடு வாடகைக்குக் கேட்டாக் கேப்பினம். மகளைக் குடுக்கிற வீட்டிலயும் அதே கேள்விதான் எண்டால், நான் யோசிச்சுத்தான் சொல்லவேணும்."

யோசித்துக்கொண்டே இருந்தாள். வாரங்கள் போயின, பதில் வரவில்லை. சித்தார்த் அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போனான். உப்பு இல்லை என்றாவது திட்டமாட்டானா என்று அவள் ஏங்கிப்போனாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் நடுவர் சிவசங்கரன் போன் செய்தார். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். குடியுரிமைச் சட்டம், அகதி, மதம் என்று டீக்கடையில் ஆரம்பித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவரைக்கும் எல்லாரும் அடித்துக்கொண்ட காலம். அதையே திருவிழாவுக்குத் தலைப்பாக்கிவிட்டார். 'வீடிழந்து வருபவரிடம் நாடு முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நீ யார்? என்பதா, சாப்பிட்டாயா? என்பதா?'

"நீங்க வழக்கம்போல அந்த அணிதாம்மா. நீ யார்."

முத்துத்தாய் கெஞ்சினாள். "ஐயா, ஒருநாளும் கேட்டதில்ல. இந்த ஒரு தடவ மட்டும் அந்தப் பக்கம் போட்டுவிடுங்களேன்."

"பிளெக்ஸ் வச்சாச்சேம்மா" என்றார் அவர்.

வைத்துத்தான் இருந்தார்கள். திண்டுக்கல் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே. மேலே ஆள் உயரத்துக்கு 'நீ யார்?' என்ற எழுத்து, கீழே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற முத்துத்தாய். பவதாரிணி வேலைக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும்.

"அவுக வீட்டு வாசல்ல போயி மறுக்காக் கேட்ட மாதிரியில்ல இருக்கு" என்றார் சிவபாண்டி. அவருக்கு எப்போது எதைச் சொல்லக்கூடாது என்று இன்றுவரை தெரியாது.

பட்டிமன்றத்தன்று நல்ல கூட்டம். 'சாப்பிட்டாயா' அணிக்கு பாகீரதி டீச்சர் பிரமாதமாகத் தொடங்கினார். உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவனிடம் என்ன மதம் என்று கேட்டு வரிசை பிரிப்பது என்ன நியாயம்? அப்படியே மதம் பார்த்தாலும், பக்கத்து முகாமில் நம் சாமியையே கும்பிடுகிறவர்கள் சட்டத்தின் பட்டியலில் ஏன் இல்லை? கைதட்டல் அடங்க நேரமானது. 'நீ யார்' அணியில் சட்டக் கல்லூரி மாணவன் சூரியபிரகாஷ் எழுந்தான். கதவில்லாத வீடு உண்டா? மதத்தின் பேரால் பக்கத்து நாட்டில் அடி வாங்கியவனுக்கு இங்கே முதல் இடம் கொடுத்தால் குற்றமா? இருக்கிறவனுக்கே வேலை இல்லாதபோது வருகிறவனை எங்கே உட்காரவைப்பது? அதற்கும் தட்டினார்கள். நம் ஜனம் நன்றாகப் பேசினால் இரண்டு பக்கமும் தட்டும்.

அடுத்தது முத்துத்தாய். மைக் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் பவதாரிணி. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு யோகராணி.

"நடுவர் அவர்களே" என்றாள். இருமிக்கொண்டாள்.

"டீச்சர் 'சாப்பிட்டாயா'ன்னு கேக்கச் சொல்றாங்க. எனக்குப் பொழப்பே அதுதான். ஆனா ஆளு யாருன்னு தெரியாம எப்புடிச் சோறு போடுறது? எங்க ஸ்கூல்ல முனீஸ்வரி மகன் ஒருத்தன் இருக்கான். முட்டை தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சிரும். அவன் யாருன்னு கேட்டதுனாலதான் எனக்குத் தெரியும். இல்லன்னா அன்பாவே ஊட்டிப் பயல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தெம்பு திரும்பியது.

"அதனால நீ யாருன்னு கேளுங்க, தப்பில்ல. ஆனா நம்ம எங்க அதக் கேக்குறோம்? எந்தச் சாமி, எந்த நாடு, என்ன ஆளுக. இம்புட்டுத்தான கேக்குறோம்? இது ஆளத் தெரிஞ்சுக்கிற கேள்வியா? வாசல்லயே நிப்பாட்ட ஒரு சாக்குத் தேடுற கேள்வி. எங்கம்மா களையெடுக்கப் போன ஊருலயெல்லாம் இதத்தான் கேட்டாக. கேட்டுட்டு, தண்ணிய ஒசரத்துல நின்னு கையில ஊத்துனாக. அந்த வயித்துல பொறந்தவ நானு. நானே போன மாசம் ஒரு நல்ல வீட்டுல பலகாரத்தத் தின்னுபுட்டு, வாயக்கூடத் தொடைக்காம அதே கேள்வியக் கேட்டேன். இந்த வாய என்ன செய்யிறதுன்னு நீங்களே சொல்லுங்க!"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது. சிவசங்கரன் மணியை அடித்தார். "அம்மா, நீங்க இப்ப எந்த அணி?"

"என் அணிதான்யா! நீ யாருன்னு கேளுங்க. கேட்டுட்டு, அவுக சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்து காது குடுங்க. அதுக்கு மனசில்லாதவுக கேக்காதீக."

சொல்லிவிட்டு, நன்றி வணக்கம்கூட மறந்து, போய் உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ப்பு 'சாப்பிட்டாயா' அணிக்குப் போனது. முத்துத்தாயின் தோல்விக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை.

மேடையை விட்டு இறங்கினால் எதிரே யோகராணி நின்றாள். கோயில் பின்புறம் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யோகராணி அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். இருவரும் போய் வரிசையில் நின்றார்கள். பவதாரிணி கொஞ்சம் பின்னால் நின்று சித்தார்த்துக்கு போன் செய்துகொண்டிருந்தாள்.

அங்கே தெருவுக்கு ஒரு வரிசை என்று கமிட்டியில் ஏற்பாடு. கரண்டியும் கையுமாக நின்ற ராஜபாண்டி, யோகராணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"புதுசா இருக்கீக. எந்தத் தெரும்மா? யாரு நீங்க?"

முத்துத்தாய்க்குப் பகீரென்றது. இவன் நாக்கில் சனி வந்து உட்கார இந்த நேரம்தானா கிடைத்தது! அவள் வாயைத் திறப்பதற்குள் யோகராணி முந்திக்கொண்டாள்.

"நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர், தம்பி. இவதான் மாப்பிள்ளையின்ட அம்மா."

ராஜபாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த மாப்ளைக்கி? எப்பக் கல்யாணம்? எனக்குச் சொல்லவே இல்ல?" என்று கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே போனான். முத்துத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒரு கையால் யோகராணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினாள்.

"மொதல்ல சோத்தப் போடுடா! யாருன்னு அப்பறம் கேளு!"