பெட்ரோல் வண்டியும் ரிட்டன் லோடும்

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊருக்குக் குடிவந்த முதல் வாரம் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட காட்சி, பக்கத்து வீட்டு எர்ல் காலையில் ஆபீஸ் கிளம்பியதுதான். மனிதர் கையில் ஒரு காபிக் கோப்பை. ஏறி உட்கார்ந்ததோ எங்கள் ஊர் மினி லாரியையே ஓரம் தள்ளிவிடுகிற அளவுக்கு ஒரு பிக்கப் ட்ரக். பின்னால் மூட்டை முடிச்சு ஒன்றும் கிடையாது. சாயங்காலமும் அப்படியே காலியாகத் திரும்பி வந்தார். தெரு முழுக்க இதே கூத்து. நாமக்கல் லாரிக்காரர் மகளுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியுமா, எரியாதா?

அப்பாவின் லாரி ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும். இறக்கியதும் வந்துவிட முடியாது. அங்கிருந்து தெற்கே வருகிற சரக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். அதற்குப் பேர் ரிட்டன் லோடு. கிடைக்கிறவரைக்கும் டிரைவர் அங்கேயே வண்டிக்கடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடப்பார். ஒரு தீபாவளிக்கு அப்பாவே வண்டியோடு அங்கே மாட்டிக்கொண்டார். போனில் அழுத என்னிடம், காலி வண்டியோடு எப்படிக் கண்ணு வர்றது என்று கேட்டார். அந்தத் தீபாவளிக்கு நான் புதுத்துணியே போடவில்லை. அவ்வளவு கோபம்.

இங்கே வந்து ஆறேழு வருஷம், வேலைக்குப் போக அனுமதியில்லாத டிபெண்டண்ட் விசாவில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் சமைப்பது, துவைப்பது, பெண்ணை டேகேரில் விடுவது எல்லாம் சேர்த்துத்தான். க்ரீன் கார்டு கையில் வந்த அன்றைக்கே கேட்டரிங் செய்வதென்று முடிவெடுத்துவிட்டேன். தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கு நான் போட்ட அரிசிம்பருப்புச் சாதத்துக்கும் பள்ளிபாளையம் சிக்கனுக்கும் ஆஸ்டின், டாலஸ் வரை ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு அடுப்பில் சமைத்து விற்கக்கூடாது என்று கவுன்ட்டி ஆபீஸில் சொல்லிவிட்டதால், பார்பெக்யூ விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய கிச்சன் ட்ரெய்லர் ஒன்றை வாங்கினேன். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நான் வைத்த இரண்டு கிரைண்டர் எல்லாமாகச் சேர்ந்து யானை கனம். என் பேரில் இந்த நாட்டில் வாங்கிய முதல் சொத்து.

அதை வண்டிகள் நிறுத்தும் யார்டுவரை இழுத்துவந்து நிறுத்திக் கொடுத்தவர் எர்ல்தான். பாலத்து மேட்டில் வண்டி முனகாமல் ஏறியதைப் பார்த்து, நல்ல டீசல் என்று பாராட்டினேன். எர்ல் சிரித்துவிட்டார். "திஸ் இஸ் கேஸ், மேம்" என்றார். இங்கே பெட்ரோலைத்தான் கேஸ் என்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டீசலின் டகடக சத்தம் இல்லையே என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அமெரிக்கா டீசல் சத்தம் போடாது போலிருக்கிறது என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பெட்ரோல் என்றால் ஸ்கூட்டருக்கு, கல்யாண வீட்டுக் காருக்கு. பாரம் இழுக்க டீசல். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இங்கே பொய்யாகி நின்றது.

ட்ரெய்லரை இழுக்க எங்களுக்கும் ஒரு வண்டி வாங்க வேண்டும், அதனால் எர்லைக் குடைந்து குடைந்து கேட்டேன். டீசல் விலை கூடுதல், பராமரிப்புச் செலவும் கூடுதல். ஆனால் மேட்டில் அலட்டிக்கொள்ளாது, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், தேயாமல் பல வருஷம் உழைக்கும். பெட்ரோல் வண்டி மலிவு, சத்தமில்லை, ஏற்றத்தில் கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான். எப்போதாவது இழுக்கிறவர்களுக்குப் பெட்ரோல் போதும், ஓயாமல் இழுத்து வண்டியை நெடுநாள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு டீசல் என்றார். அப்பாவிடம் போனில் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "ஏங்கண்ணு, பெட்ரோல்ல எவனாச்சும் லோடு அடிப்பானா?" என்று கேட்டுவிட்டு, பேத்திக்குச் சளி விட்டதா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ரமேஷுக்கு வண்டியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. நங்கநல்லூர்க்காரர், சைக்கிள் பஞ்சரைக்கூடக் கடையில் கொடுத்து ஒட்டியவர். அவர் அபிப்பிராயமெல்லாம் வேறு ஒரு விஷயத்தில். இன்னும் இரண்டே வருஷம், ஊருக்கே போய்விடலாம். வந்த நாளிலிருந்து இதே பாட்டு. நாங்கள் வண்டி பார்த்த வருஷம் தொண்ணூற்றொன்பது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று ஆபீஸில் ஒய்டூகே வேலை மும்முரம், அது முடிந்ததும் கிளம்புவது உறுதி என்று நங்கநல்லூருக்குப் போனில் சொல்லியிருந்தார். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆகி, வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும். அதை நினைத்தால் என்னாலும் வாயைத் திறக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை வண்டி விற்கிற இடத்துக்குப் போனோம். தொப்பி போட்ட விற்பனையாளர் ஒருவர், என்ன இழுக்கப் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்றெல்லாம் ரமேஷைப் பார்த்தே கேட்டார், நானே பதில் சொன்னேன். கடைசியாக, வண்டியை எத்தனை வருஷம் வைத்துக்கொள்வீர்கள் என்றார்.

"டூ இயர்ஸ்" என்றார் ரமேஷ்.

"டென்" என்றேன் நான்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. எங்களுக்குள் பணத்தகராறு என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார் போலும். தவணையை இழுத்துக் கட்டலாம், கவலையே வேண்டாம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் காபி எடுத்துவரப் போனார். நாங்கள் வெளியே வந்து எங்கள் காரில் உட்கார்ந்தோம். கதவை ஓங்கிச் சாத்தினேன். கோபத்தில்தான்.

"ஒய்டூகே முடிஞ்சதும் போயிடலாம்னுதானே பேசிண்டிருந்தோம்?" என்றார்.

"நீங்க பேசுனீங்க. நான் கேட்டுட்டு இருந்தனுங்க."

அவர் வாதம் செய்திருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். அவர் குரலே எழும்பவில்லை.

"டீசல் வாங்கிட்டா நாம போக மாட்டோம், சாந்தி."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கு வேண்டியதும் அதுதான். அந்த ட்ரெய்லர் ஓட வேண்டும், என் பேர் அதில் எழுதியிருக்க வேண்டும், மறுபடியும் சும்மா இருக்கிறவளாக நான் எந்த ஊருக்கும் போகக்கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, நம்பிக்கொண்டிருக்கிற ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. இறங்கி உள்ளே போய், பெட்ரோல் வண்டியே கொடுங்கள் என்றேன். விற்பனையாளர் ரமேஷின் முதுகில் தட்டி வாழ்த்துச் சொன்னார்.

அப்பா மாதக்கணக்கில் என்னோடு முறைத்துக்கொண்டு பேசினார். லாரிக்காரன் பெண் பெட்ரோல் வண்டி வாங்கினாள் என்று ஸ்டாண்டில் எப்படிச் சொல்வதாம். வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்டினுக்கு மேற்கே மேடுகளில் தொண்டை கிழியக் கத்தும், ஆனாலும் ஏறிவிடும். ஒய்டூகே வந்தது, ஒன்றும் ஆகாமல் போனது. ரமேஷுக்கு வேறு ப்ராஜெக்ட் கிடைத்தது. பிறகு அதுவும் போனது, எங்கும் ஆட்குறைப்பு. வேலை தேடிய அந்த மாதங்களில் என் ட்ரெய்லர்தான் வீட்டுக் கடனையும் கட்டியது, நங்கநல்லூரில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சம்பளமும் அனுப்பியது. இரண்டு வருஷம் முடிந்ததை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

போன மாதம் டாலஸில் ஒரு கல்யாண ஆர்டர். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, சாயங்காலம் கேட்டிக்குக் கிளம்பினோம். ரமேஷ் ஓட்டினார். இப்போதெல்லாம் கண்ணாடியில் ட்ரெய்லரைப் பார்த்துக்கொண்டே நன்றாக ஓட்டுகிறார். வழியில் வண்டியை நிறுத்தி நங்கநல்லூருக்குப் பேசினார். மாமியார் எடுத்தார். எப்போது வருகிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் இரண்டே வருஷம் என்கிற வழக்கமான பதிலுக்காக நான் காத்திருந்தேன். சொல்றேம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கொஞ்ச தூரம் வந்ததும் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்கப்பா நாக்பூர்ல நிப்பார்னியே. லோடு கிடைக்கற வரைக்கும் எவ்ளோ நாள் நிப்பார்?"

"கணக்கெல்லாம் இல்லீங்க. கிடைக்கிற வரைக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டார். "நாமளும் நிப்போம்" என்றார்.

நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ அப்பா வராமல் புதுத்துணி போடாத அந்தத் தீபாவளியும், நங்கநல்லூரில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியாரும் ஞாபகம் வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் ட்ரெய்லரில் காலி அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டுக்கொண்டே வீடுவரைக்கும் வந்தன.